பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும் என்றால் பாட்டில் தெருவில் கிடக்காது

ஃபஜ்ர் தொழுகைக்குப் பிறகு மக்தபுக்கு ஓத வரும் பிள்ளைகளில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கிறான். சில வாரங்களுக்கு முன் ஒரு காலையில் அவன் ஓத வரவில்லை. முடிச்சூர் சாலைப் பக்கம் ஒரு காலிமனையின் குறுக்கே நடந்து வந்திருக்கிறான். புல்லுக்குள் உடைந்து கிடந்த குவார்ட்டர் பாட்டில் செருப்பைக் கிழித்துக்கொண்டு குதிகாலில் இறங்கிவிட்டது. அவனுடைய அத்தா தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார். ஐந்து தையல். அல்ஹம்துலில்லாஹ், நரம்பில் படவில்லை.

அன்று அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் திண்ணையில் இதே பேச்சுதான். குடித்துவிட்டு எறிந்தவனைத் திட்டினார்கள். மதுக்கடையை மூடினால்தான் விடிவு என்றார்கள். மாநகராட்சி குப்பை அள்ளுவதே இல்லை என்றார்கள். முன்பு பழைய இரும்பு வியாபாரம் பார்த்த ஒரு பெரியவர் மட்டும் வேறொன்று சொன்னார்: "ஹஜ்ரத், அந்தப் பாட்டிலுக்கு எடைக்கடையில காசு கிடையாது. அதனாலதான் அது அங்க கிடக்குது. காசு கிடைக்கும்னா விடியறதுக்குள்ள எவனாவது எடுத்துட்டுப் போயிருப்பான்."

யோசித்துப் பார்த்தால், உலகத்தில் பல நாடுகள் சட்டமாகப் போட்டு நடத்திக்கொண்டிருப்பது அந்தப் பெரியவர் சொன்னதைத்தான். நம் தமிழ்நாட்டிலும் 2022 முதல் அது நடந்து வருகிறது. நம் குடும்பங்களில் பலருக்கு இதன் விவரம் தெரியாது. மதுபாட்டில் சம்பந்தப்பட்ட செய்தி என்பதால் நாம் படிக்காமல் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். அது சரியல்ல என்பதால்தான் இந்தக் கட்டுரை.

நமக்குப் பழக்கமான விஷயம்தான்

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். கோலி சோடா வாங்கினால் கடை வாசலிலேயே நின்று குடித்துவிட்டுப் பாட்டிலைக் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும். விருந்தாளிக்காக வீட்டுக்குக் கலர் வாங்கிப் போக வேண்டுமென்றால், பாட்டிலுக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்ததும் அந்தக் காசு கைக்கு வந்துவிடும். அதை வாங்கி வர நாமே போகிறோம் என்று பிள்ளைகள் சண்டை போடுவார்கள். மீதிக் காசில் மிட்டாய் கிடைக்குமே! அந்தக் காலத்தில் யாரும் சோடா பாட்டிலைத் தெருவில் பார்த்ததில்லை. அப்போது இருந்த மக்கள் நம்மைவிட ஒழுக்கமானவர்கள் என்பதல்ல காரணம். பாட்டில் காசாக இருந்தது. காசை யாரும் தெருவில் எறிவதில்லை.

பிறகு தூக்கி எறியும் பிளாஸ்டிக் பாட்டில் வந்தது. விற்கிறவருக்குக் காலி பாட்டிலைத் திரும்ப வாங்கும் வேலை மிச்சமானது. வாங்குகிறவருக்குத் திருப்பிக் கொடுக்கும் வேலை மிச்சமானது. அந்த இரண்டு வேலையும் சேர்ந்து துப்புரவுப் பணியாளரின் தலையிலும், மழைநீர் வடிகாலிலும், ஓத வரும் பிள்ளையின் காலிலும் விழுந்திருக்கிறது.

நீலகிரியில் என்ன நடந்தது?

ஊட்டிக்கும் முதுமலைக்கும் போகிறவர்கள் சாலையோரம் நின்று குடித்துவிட்டு மதுபாட்டில்களைக் காட்டுக்குள் வீசுவது பல ஆண்டுப் பிரச்சினை. உடைந்த கண்ணாடி யானைகளின் காலைக் கிழிக்கிறது. யானையின் பாதத்தில் புண் வந்து சீழ் வைத்துவிட்டால், அவ்வளவு பெரிய உடம்பைச் சுமந்து அதனால் நடக்க முடியாது. நடக்க முடியாத யானைக்குத் தீனியும் இல்லை, தண்ணீரும் இல்லை.

வனப்பகுதி வழக்குகளை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற அமர்வு இந்த விஷயத்தைக் கையில் எடுத்தது. காலி பாட்டில்களைத் திரும்பப் பெற ஒரு வழி செய்யும்படி டாஸ்மாக் நிறுவனத்தை நெருக்கியது. அதன்படி 2022 மே மாதம் நீலகிரி மாவட்டத்தில் ஒரு திட்டம் தொடங்கியது. ஒவ்வொரு பாட்டிலுக்கும் விலைக்கு மேல் 10 ரூபாய் கூடுதலாக வாங்கப்படும். பாட்டிலில் அடையாள ஒட்டுவில்லை இருக்கும். காலி பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தால் அந்த 10 ரூபாய் திரும்பக் கிடைக்கும். கொண்டுவருபவர் வாங்கியவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

இதனால் குடிப்பவர் திருந்திவிட்டாரா என்றால், பலர் திருந்தவில்லை. அவர் அப்போதும் எறிந்தார். ஆனால் எறிந்த இடத்தில் பாட்டில் தங்கவில்லை. பத்து பாட்டில் பொறுக்கினால் 100 ரூபாய் என்றால், அதைத் தேடி எடுக்க ஆள் வந்துவிடுகிறார். விற்ற பாட்டில்களில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் திரும்பி வருவதாக டாஸ்மாக் தரப்பில் பின்னர் சொல்லப்பட்டது. பிறகு கோவை, பெரம்பலூர் போன்ற மாவட்டங்களுக்கும் திட்டம் விரிந்தது. மாநிலம் முழுவதும் கொண்டுவர வேண்டும் என்று நீதிமன்றம் வலியுறுத்தியதால், 2025-இல் மற்ற மாவட்டங்களிலும் படிப்படியாக அந்த வேலை வேகம் எடுத்தது.

அக்கம்பக்கத்திலும் இதே வழியைப் பிடித்திருக்கிறார்கள். கேரள அரசின் மதுவிற்பனை நிறுவனம் 2025 செப்டம்பரில் திருவனந்தபுரம், கண்ணூர் மாவட்டங்களில் சில கடைகளில் சோதனையாகத் தொடங்கியது. அங்கே பாட்டிலுக்கு 20 ரூபாய். உத்தராகண்டில் கேதார்நாத் போகும் வழியில் தண்ணீர், குளிர்பான பாட்டில்களுக்கு 2022 முதல் 10 ரூபாய் முன்பணம் வாங்கித் திருப்பித் தரும் ஏற்பாடு வந்தது. மதுவோடு சம்பந்தமே இல்லாத, மலையேறும் யாத்ரீகர்கள் போடும் குப்பைக்காக வந்த ஏற்பாடு அது.

இது விலையா, வரியா, அபராதமா?

இதில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. அந்தப் பத்து ரூபாய் பொருளின் விலையில் சேராது, ஏனென்றால் பொருளைத் திருப்பித் தராமலேயே பாட்டிலை மட்டும் கொடுத்து அதை மீட்டுக்கொள்ளலாம். அரசுக்குப் போய்ச் சேரும் வரியும் அல்ல. தவறு செய்வதற்கு முன்பே வாங்குவதால் அபராதமும் அல்ல. பாட்டிலைத் திருப்பித் தருவேன் என்பதற்கு வைக்கும் பிணைத்தொகை அது. கடைக்காரரிடம் அது இருக்கும்வரை வாடிக்கையாளரின் அமானத் என்று நாம் புரிந்துகொள்ளலாம்.

அமானத் என்றால் ஒரு கேள்வி உடனே வருகிறது. திரும்பியே வராத பாட்டிலின் பத்து ரூபாய் யாருக்கு? நூற்றில் ஐந்து பாட்டில் திரும்பாவிட்டாலும் மாநில அளவில் அது சிறிய தொகை அல்ல. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் இதற்குச் சட்டத்திலேயே பதில் வைத்திருக்கிறார்கள். கேட்பாரற்ற தொகையில் 75 சதவீதம் மாசுபட்ட இடங்களைச் சுத்தம் செய்வது போன்ற வேலைகளுக்கான அரசு நிதிக்கும், 25 சதவீதம் பாட்டிலைத் திரும்ப வாங்கும் கடைக்காரர்களுக்கும் போகிறது. நம் ஊரிலும் அந்தப் பணம் குப்பை அள்ளுகிறவர்களின் கையுறைக்கும், காலணிக்கும், காப்பீட்டுக்கும் போக வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை.

உலகம் கண்ட அனுபவம்

அமெரிக்காவில் இந்தச் சட்டத்தை முதலில் உறுதியாக நிலைநிறுத்தியது ஓரிகன் மாநிலம். ஆண்டு 1971. பீர், குளிர்பான பாட்டில்களுக்கும் டப்பாக்களுக்கும் 5 சென்ட் பிணைத்தொகை. சட்டம் வந்த மாநிலங்களில் முன்னும் பின்னும் சாலையோரக் குப்பையைக் கணக்கெடுத்தார்கள். பானக் கலன்களின் குப்பை சுமார் 70 முதல் 80 சதவீதத்துக்கு மேல் வரை குறைந்திருந்தது. ஓரிகனில் 83 சதவீதம், மிச்சிகனில் 84 சதவீதம் என்று பதிவாகியிருக்கிறது. மொத்தக் குப்பையில் பார்த்தால் குறைந்தது அதில் பாதி அளவுதான். மற்ற குப்பைக்கு யாரும் காசு கொடுக்கவில்லை அல்லவா?

ஓரிகனில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 1971-இல் ஐந்து சென்டுக்கு இருந்த மதிப்பு வருடத்துக்கு வருடம் தேய்ந்தது. 2017-இல் அதே மதிப்புக்கு ஏறத்தாழ 30 சென்ட் தேவைப்பட்டது. ஐந்து சென்டுக்காகக் குனிந்து எடுக்க ஆள் குறைந்தார்கள். 2015 வாக்கில் திரும்பி வருவது 65 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து 80 சதவீதத்துக்குக் கீழே போனால் தொகை இரட்டிப்பாகும் என்று சட்டத்தில் எழுதி வைத்திருந்தார்கள். அதன்படி 2017 ஏப்ரலில் அது 10 சென்ட் ஆனது. திரும்பி வருவதும் மீண்டும் 80 சதவீதத்துக்கு மேல் ஏறியது. நாம் இன்று வாங்கும் பத்து ரூபாயும் அப்படியே வைத்திருந்தால் பதினைந்து, இருபது ஆண்டுகளில் செல்லாக்காசு போல ஆகிவிடும் என்பதை இப்போதே கவனத்தில் கொள்ள வேண்டும்.

லிதுவேனியா என்ற சிறிய நாடு 2016-இல் இந்த ஏற்பாட்டைத் தொடங்கியது. அதற்கு முன் மூன்றில் ஒரு பாட்டில்தான் திரும்பச் சேகரிக்கப்பட்டது. இரண்டே ஆண்டில் பத்துக்கு ஒன்பதைத் தாண்டியது. ஜெர்மனியில் ஒருமுறை பயன்படுத்தும் பாட்டிலுக்கு 25 சென்ட். அங்கே வசதியுள்ள பலர், காலி பாட்டிலைக் குப்பைத்தொட்டிக்குள் போடாமல் அதன் பக்கத்தில் நிமிர்த்தி வைத்துவிட்டுப் போகிறார்கள். பொறுக்கிப் பிழைக்கும் ஏழை ஒருவர் தொட்டிக்குள் கைவிட வேண்டியதில்லாமல் எடுத்துக்கொள்ளட்டும் என்பதற்காக. நம் உறவினர் பலர் வாழும் சிங்கப்பூரிலும் பாட்டில், டப்பா பானங்களுக்கு 10 சென்ட் பிணைத்தொகை வாங்கும் திட்டத்துக்கு 2026 ஏப்ரல் 1 என்று தேதி குறித்தார்கள். தெரு சுத்தத்துக்குப் பேர்பெற்ற ஊரே இதைத் தேவை என்று நினைத்திருக்கிறது!

தாம்பரத்துக்கு இது ஏன் முக்கியம்?

தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளையும், சிட்லபாக்கம், பெருங்களத்தூர் உள்ளிட்ட ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021-இல் தாம்பரம் மாநகராட்சி உருவானது. இன்று 70 வார்டுகள். ஏரிகளும் காலிமனைகளும் நிறைந்த பகுதி. காலிமனை எங்கே இருக்கிறதோ அங்கே ராத்திரியில் குடிக்க ஆள் வருவார்கள். காலையில் பாட்டில் கிடக்கும்.

மழைக்காலத்தில் என்ன ஆகும் என்பதை நாம் 2015 டிசம்பரில் பார்த்தோம். முடிச்சூரும் வரதராஜபுரமும் வெள்ளத்தில் மூழ்கின. அந்த வெள்ளத்துக்குப் பாட்டில் காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஒரு மணி நேர மழைக்கே நம் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்பதற்கு, வடிகால் வாயை அடைத்துக்கொண்டு நிற்கும் பாட்டிலும் கவரும் ஒரு காரணம். செம்பாக்கம், சிட்லபாக்கம் ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை நோக்கிப் போகிறது. 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த, உலக முக்கியத்துவம் உள்ள இடம் அது. நம் தெருவில் எறிந்த பாட்டிலும் அந்த வழியில்தான் போகிறது. போகாமல் நின்ற பாட்டிலில் மழைநீர் தேங்கினால், டெங்கு பரப்பும் கொசுவுக்கு அதுவே முட்டையிடும் இடம்.

எடைக்கடைக் கணக்கையும் பார்ப்போம். ஒரு கிலோ பிளாஸ்டிக் சேர வேண்டுமென்றால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஐம்பது அளவுக்குப் பொறுக்க வேண்டும். சின்ன பாட்டில் என்றால் இன்னும் அதிகம். அப்படியானால் ஒரு பாட்டிலின் மதிப்பு சில காசுகள்தான். கண்ணாடிக்கு அதுவும் இல்லை. கனம் அதிகம், விலை குறைவு, உடைந்தால் கையைக் கிழிக்கும். அதனால் பழைய பொருள் பொறுக்குகிறவர்கள்கூடக் கண்ணாடியைத் தொடாமல் போகிறார்கள். பெரியவர் திண்ணையில் சொன்னது இதைத்தான்.

குறைகளும் உண்டு

இந்த ஏற்பாட்டில் சிக்கலே இல்லை என்று சொன்னால் அது நேர்மையாகாது. டாஸ்மாக் கடை ஊழியர்கள் இதை எதிர்த்தார்கள். அவர்களுடைய வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒட்டுவில்லை ஒட்டுவதும், காலி பாட்டிலை எண்ணி வாங்குவதும், காசு திருப்பித் தருவதும் கூடுதல் வேலை. கடையில் காலி பாட்டிலை வைக்க இடமும் இல்லை. வேலையை மட்டும் ஏற்றிவிட்டு ஆளும் இடமும் தராவிட்டால் எந்த நல்ல திட்டமும் படுத்துவிடும்.

இரண்டாவது, ஏமாற்று. இதை நாமே நேரில் பார்த்தோம். நம் மக்தப் ஆண்டு விழாவுக்குச் சிறிய தண்ணீர் பாட்டில்கள் வாங்கியிருந்தார்கள். பெரியவர் சொன்னதைச் சோதித்துப் பார்ப்போமே என்று, ஐந்து காலி பாட்டில் கொண்டுவந்தால் ஒரு சமோசா என்று அறிவித்தோம். விழா முடிந்தபோது மைதானத்தில் ஒரு பாட்டில்கூட இல்லை. ஆனால் எண்ணிப் பார்த்தால், நாம் கொடுத்ததைவிட அதிகமான பாட்டில்கள் வந்திருந்தன! பிள்ளைகள் அடுத்த தெரு வரைக்கும் போய்ப் பொறுக்கி வந்துவிட்டார்கள். சமோசா தீர்ந்துபோனது. தெரு சுத்தமானது. மிச்சிகனிலும் பிணைத்தொகை இல்லாத பக்கத்து மாநிலப் பாட்டில்களைக் கொண்டுவந்து காசு வாங்கும் மோசடி தீராத தலைவலி. ஒட்டுவில்லை ஏன் தேவை என்பது அன்று நமக்குப் புரிந்தது.

மூன்றாவது, மதுபாட்டிலில் செய்ததைத் தண்ணீர் பாட்டிலில் செய்வது கடினம். தமிழ்நாட்டில் மதுவைச் சில்லறையாக விற்பது ஒரே அரசு நிறுவனம். தண்ணீர் பாட்டிலுக்கு எத்தனையோ கம்பெனிகள், தெருவுக்கு நான்கு பெட்டிக்கடைகள். ஒரு கடையில் வாங்கியதை இன்னொரு கடையில் கொடுத்தால் காசு தருவது யார், அந்தக் கடைக்காரருக்கு அதைத் தருவது யார் என்பதற்குப் பொதுவான ஓர் அமைப்பு வேண்டும். லிதுவேனியாவிலும் ஜெர்மனியிலும் அப்படி அமைப்பு இருக்கிறது. நம் நாட்டிலும் முடியாத காரியம் இல்லை. கேட்க ஆள் வேண்டும்.

நான்காவது, காசு வைத்த பொருள் மட்டுமே திரும்பும். பிளாஸ்டிக் டம்ளரும், தண்ணீர் பாக்கெட்டும், நொறுக்குத்தீனி கவரும் அப்படியே கிடக்கும். தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கில் 14 வகைகளைத் தடை செய்தது. தடை நல்லது. ஆனால் தடையை நடத்த அதிகாரி வந்து பார்க்க வேண்டும். பிணைத்தொகையை நடத்தக் குப்பை பொறுக்குகிற ஒரு பாட்டியின் தேவையே போதும்.

"ஹராமான பொருளைப் பற்றி நாம் ஏன் பேச வேண்டும்?"

இந்தக் கேள்வியை நம்மிடம் நேராகவே கேட்டார்கள். மது ஹராம். மதுக்கடைகள் மூடப்பட வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக்கருத்து கிடையாது. குடியால் சீரழிந்த குடும்பங்களை நாம் தினமும் பார்க்கிறோம். பாட்டிலைத் திரும்ப வாங்கும் திட்டம் அந்தக் கோரிக்கைக்குப் பதிலும் அல்ல, குடிக்குச் சம்மதமும் அல்ல. ஆனால் கடை மூடும்வரை அந்தக் கண்ணாடி நம் பாதையில்தான் கிடக்கப் போகிறது. யார் குடித்தது என்று கேட்டுவிட்டு அது காலில் ஏறுவதில்லை.

ஈமானுக்குப் பல கிளைகள் உண்டு என்றும், அவற்றில் கடைசிப் படியில் இருப்பது பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது என்றும் நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். தொல்லையைப் போட்டது முஸ்லிமா, மற்றவரா என்று அங்கே பிரிக்கவில்லை. நம் வீட்டுக் குப்பையா, பக்கத்து வீட்டுக் குப்பையா என்றும் பிரிக்கவில்லை.

காலி மதுபாட்டிலைக் கையால் எடுக்கலாமா, அதன் பிணைத்தொகையை வாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். பாதையில் கிடப்பதை அப்புறப்படுத்துவதையும், அதற்குக் காசு வாங்குவதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டாவது கேள்வியை அவரவர் மஹல்லாவின் ஆலிம்களிடம் நேரில் கேட்டுத் தெளிவு பெறுங்கள். நம் பிள்ளைகளை மதுக்கடை வாசலுக்கு அனுப்புவதைப் பற்றி நாம் பேசவில்லை. அந்த வேலையைச் செய்யும் ஏழைகளைக் கேவலமாகப் பார்க்காமல் இருப்பதும், தொல்லை அகன்றதற்கு அவர்களும் ஒரு காரணம் என்று அறிந்திருப்பதும் நம் கடமை.

நம் பாட்டில்கள்

இத்தனையும் பேசிய பிறகு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நாம் பொய்யர்களாகிவிடுவோம். சிறுவனுக்குத் தையல் போட்ட அதே வாரத்தில் நம் பகுதியில் ஒரு நிகாஹ் நடந்தது. பிரியாணி விருந்தில் ஒவ்வொரு இலைக்கும் ஒரு சின்ன தண்ணீர் பாட்டில். பாதி குடித்தது, கால்வாசி குடித்தது, மூடி திறக்காதது என்று பந்திக்குப் பந்தி குவிந்தது. மறுநாள் ஃபஜ்ருக்குப் போகும்போது பார்த்தோம். மண்டபத்துக்குப் பக்கத்து மழைநீர் வடிகால் முழுக்க அந்தப் பாட்டில்கள். அதில் ஒன்றுகூட மதுபாட்டில் இல்லை. எல்லாம் பிஸ்மில்லாஹ் சொல்லித் திறந்த பாட்டில்கள்.

திண்ணையில் குடிகாரனைத் திட்டிய நமக்கு அன்று வாய் அடைத்துப்போனது.

நம்மிடம் நல்ல பழக்கமும் இருக்கிறது என்பதை மறந்துவிட்டோம். ரமளானில் அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் வாசலில் நோன்புக் கஞ்சிக்கு வரிசை நிற்கும். பிள்ளைகள் கையில் தூக்குவாளி இருக்கும். கஞ்சி வாங்கிப் போன அதே வாளி கழுவப்பட்டு மறுநாள் திரும்ப வரும். முப்பது நாளும் ஒரே வாளி. அந்தக் கஞ்சியைப் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்துக் கொடுத்திருந்தால் நம் தெரு என்ன ஆகியிருக்கும்?

பழைய பொருள் வாங்கும் கடைக்குச் சென்னையில் காயலான் கடை என்றே பெயர். காயல் ஊரிலிருந்து வந்து அந்த வியாபாரத்தைப் பார்த்தவர்களால் வந்த பெயர் என்று சொல்வார்கள். வீணாகப் போக வேண்டிய பொருளை எடுத்து மறுபடியும் சந்தைக்குக் கொண்டுவரும் தொழிலில் நம் சமுதாயத்தினர் பல தலைமுறையாக இருக்கிறார்கள். நாளைக்குத் தண்ணீர் பாட்டிலுக்கும் பிணைத்தொகை வந்தால், திரும்பப் பெறும் மையங்களாக மாற அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

ஜமாஅத் அளவில் செய்யக்கூடியவை

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத சில காரியங்கள் உண்டு.

நிகாஹ் பதிவுக்கு வரும்போதே, விருந்தில் சின்ன பாட்டிலுக்குப் பதில் தண்ணீர் கேனும் எவர்சில்வர் டம்ளரும் வைக்கும்படி நிர்வாகிகள் அன்போடு கேட்கலாம். டம்ளர்களை ஜமாஅத்தே வாங்கி வைத்து வாடகையின்றிக் கொடுத்தால் கேட்பதற்கு வலு கூடும். டம்ளருக்கு ஒரு முன்பணம் வாங்கி, எண்ணிக்கை சரியாகத் திரும்பியதும் திருப்பிக் கொடுத்துவிடலாம். நம் மஹல்லாவுக்குள்ளேயே ஒரு பிணைத்தொகைத் திட்டம்.

இஃப்தாருக்கும் பயானுக்கும் பாட்டில் தவிர்க்க முடியாது என்றால், வாசலிலேயே ஒரு சாக்கு கட்டி, காலி பாட்டிலை எடைக்கடைக்குக் கொடுத்து, அந்தக் காசை மக்தப் பிள்ளைகளுக்கே செலவிடலாம்.

பாட்டிலைத் திரும்ப வாங்கும் திட்டம் நம் பகுதிக் கடைகளில் எப்படி நடக்கிறது, கேட்டவுடன் பத்து ரூபாய் திரும்பத் தரப்படுகிறதா என்பதை வார்டு கவுன்சிலரிடம் கேட்கலாம். அதே நேரத்தில் தண்ணீர், குளிர்பான பாட்டில்களுக்கும் இந்தத் திட்டம் வேண்டும் என்று மற்ற சமுதாய மக்களோடும் குடியிருப்போர் சங்கங்களோடும் சேர்ந்து மனு கொடுக்கலாம். தெரு எல்லோருடையதும்தானே.

அந்தச் சிறுவன் இப்போது ஓத வருகிறான். தையல் பிரித்தாயிற்று. குறுக்கு வழியை விட்டுவிட்டுச் சாலையைச் சுற்றித்தான் வருகிறான். அந்தப் பிள்ளை குறுக்கு வழியில் பயமில்லாமல் ஓடி வர வேண்டும். அதற்கு ஒரு காலி பாட்டிலின் விலை பத்து ரூபாய் போதும் என்றால், அது மிகவும் மலிவு.

நாம் போட்ட தொல்லையை நாமே அகற்றுகிறவர்களாகவும், பிறர் போட்டதையும் அகற்றுகிறவர்களாகவும் வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.